நாற்பதுக்குமேல் லாரித் தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியப் பேருரை, பட்டிமன்றம், சிறுவர் சிறுமியரின் ஆடல் பாடல், இறுதியில் வயிறார விருந்து என்பது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "தாங்கள் செய்யும் தொழிலைப் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும்" என்று கேட்டார்கள். கம்பரையும் இளங்கோவடிகளையும் பற்றிப் பேசிய மேடையில் கியரையும் கிளட்சையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நான் வினவினேன். அதற்கு அவர்கள், "நம் காலனியில் நாற்பது வயதைக் கடந்தபின் வேலையை இழந்து நிற்போர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கேளாமலே நீங்கள் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே இம்மேடையில் நிற்கிறேன்.

நம்மில் பலர் இந்த நாக்பூருக்கு வந்தது எழுதுகோலை நம்பி. ரயில்வேயிலும் தபால் தந்தித் துறையிலும் கணக்கு அலுவலகங்களிலும் நம் முன்னோர் பணியாற்றிய சிறப்பு நாம் அறிந்ததே. ஆகையால், 'தமிழன் என்றால் நாற்காலியில் அமர்ந்து எழுதுபவன்' என்ற எண்ணம் நமக்குள்ளேயே வேரூன்றிவிட்டது. நானும் பதினெட்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதினேன். 2012-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அப்போது எனக்கு வயது 44. மூத்த மகள் பள்ளியிறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் அனுப்பிய இடங்களிலெல்லாம் கணிப்பொறி பயின்ற இளைஞர்களையே தேடினார்கள். நடுவயதுக்காரனுக்கு ஆறுதல் மட்டுமே கிடைத்தது.

அன்பர்களே! 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. அது குழந்தை வளர்ப்புக்குச் சொன்ன அறிவுரை. பிழைப்பு தேடுவோனைப் பயமுறுத்தச் சொன்னதன்று. வயிறும் குடும்பமும் கேட்டுக்கொண்டால் ஐம்பதும் வளையும். எவ்வாறு வளைகிறது, எந்த அளவுக்கு வளையலாம், எங்கே வளையக்கூடாது என்பவற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டக் குறைந்தது 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதற்கு மேல் இத்தனை வயதுவரை என்று சட்டம் எல்லை வகுக்கவில்லை. மருத்துவச் சான்றிதழ் ஒன்றே வயதின் காவலாளி. கனரக வண்டியை நாடுவோர் முதலில் இலகுரக வண்டிக்குரிய உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருந்தபின்னரே அடுத்த படிக்குப் பழகுநர் உரிமம் பெறலாம். கனரக உரிமம் முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் செய்த திருத்தத்தின்பின் அது ஐந்தாண்டாயிற்று. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

புதிதாக இத்துறைக்கு வருவோர்க்கு மிகுந்த பயன் தரும் தீர்ப்பொன்றை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியற்சாசன ஆயம் 2024 நவம்பரில் வழங்கியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக உரிமம் வைத்திருப்போரே ஓட்டலாம். தனிப் பதிவு வேண்டியதில்லை என்பது அதன் சாரம். கார் ஓட்டத் தெரிந்த ஒருவர், நகருக்குள் காய்கறியோ மருந்தோ ஏற்றிச் செல்லும் சிறு வண்டியில் தொடங்கி, தம் உடலும் மனமும் இத்தொழிலுக்கு ஏற்றவைதாமா என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் தொடங்கிய நாளில் இவ்வசதி இல்லை.

கிளீனராக ஓராண்டு

ஆகவே அந்த ஓராண்டை நான் கிளீனராகக் கழித்தேன். நாற்பத்து நான்கு வயதுடைய வணிகவியல் பட்டதாரி, முப்பத்திரண்டு வயது டிரைவரிடம் கிளீனர்! அவர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். அவர் என்னை 'அண்ணா' என்றே அழைத்தார். வேலையில் மட்டும் சலுகை காட்டவில்லை. தார்ப்பாயை எந்த மடிப்பில் விரித்தால் மழைநீர் தேங்காது, கயிற்றை எங்கே முடிந்தால் வளைவில் லோடு சாயாது, இரட்டைச் சக்கரத்தின் உள் டயரில் காற்று இறங்கியிருப்பதை இரும்புத் தடியால் தட்டி ஓசையிலேயே எவ்வாறு அறிவது என்பனவெல்லாம் அவரிடம் கற்றவை. ஒருநாள் அவர் சொன்னார்: "வண்டி நம்ம பேச்சைக் கேக்கோணும்னா, மொதல்ல நாம வண்டி பேச்சைக் கேக்கோணுங்கண்ணா." எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முறையான பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். நம் தாய்த்தமிழகத்தில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. சில வாரங்கள் அங்கே தங்கிப் பயில்வது, பல ஆண்டுகளின் தட்டுத் தடுமாற்றத்தைக் குறைக்கும். அதன்பின் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து ஆறு திங்களேனும் நடை போய்வர வேண்டும்.

லாரியைக் காரைப்போல எண்ணுவது பேராபத்து. பத்துச் சக்கர லாரி, தன் எடையும் சரக்கும் சேர்த்து 28.5 டன் வரை செல்ல 2018 முதல் அனுமதி உண்டு. இவ்வளவு பாரம் ஓடும்போது, வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் கைக்கெட்டிய தூரத்தில் நிற்கும் வண்டி, 80-இல் அந்தக் கணக்குக்கு அகப்படாது. மலைச்சாலையில் இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் வேதவாக்கு. டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் உருட்டிவிடுவோரும் உளர். கியரில் இறங்கும்போது இக்காலத்து எஞ்சின் தானாகவே டீசலை நிறுத்திக்கொள்கிறது. மிச்சமாவது ஒன்றுமில்லை, போவது உயிர்.

ஸ்கூட்டரில் செல்லும் நம் காலனிப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். லாரி இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே நிற்கும் ஸ்கூட்டர், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. லாரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் ஒதுங்கி நிற்காதீர்கள். இன்றைய என் பேச்சில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

வயதின் ஆதாயமும் வயதின் அபாயமும்

நடுவயதில் இத்தொழிலுக்கு வருவோனுக்குச் சில ஆதாயங்கள் உண்டு. முந்திச் செல்லவேண்டும் என்ற வெறி அடங்கிய வயது அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கை, பள்ளிக்கூடம் கண்டால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். மேலும், இக்காலத்தில் லாரித் தொழில் பாதி காகிதத் தொழில். 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தது; மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகளில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த நிலை மாறிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அச்சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. வண்டி பழுதாகிக் கெடு கடந்தால் அபராதம். தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு, மாசுச் சான்று ஆகியவற்றின் நாட்களையும் கணக்கில் வைக்கவேண்டும். பதினெட்டு ஆண்டுகள் பேரேடு எழுதிய எனக்கு இது பழகிய பாதை. என் உரிமையாளர் என்னை மதிப்பதற்கு நான் ஓட்டும் அழகைவிட என் காகிதக் கட்டின் ஒழுங்கே காரணம் என்று எண்ணுகிறேன். தமிழோடு இந்தியும் மராத்தியும் பேசத் தெரிந்திருப்பதும் நம் காலனியினர்க்குப் பெருந்துணை.

அபாயங்களையும் மறைக்கக்கூடாது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. அதற்குக் கண்ணாடி உண்டு. அதனினும் கொடிது, இரவில் எதிர்வண்டியின் விளக்கு கண்ணைப் பறித்தபின் பார்வை மீண்டும் தெளிய இளைஞனுக்கு ஆவதைவிட நமக்கு அதிக நேரம் ஆகும் என்பது. அந்தச் சில விநாடிகளில் லாரி நூறு அடிக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆகவே ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்புரை தொடங்கியிருந்தால் இரவு நடையை விட்டுவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர், சர்க்கரை திடீரெனக் குறைந்தால் சக்கரத்தின்மேலேயே மயங்கக்கூடும். இரவில் பெருங்குறட்டை விட்டுப் பகலில் உறங்கி விழுவோர்க்கு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். மருத்துவரிடம் இவற்றை ஒளிக்காமற் சொல்லுங்கள். உரிமம் கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சான்றிதழில் பொய் எழுதிக்கொள்வோர், முன்பின் அறியாத ஒருவர் குடும்பத்தின்மேல் ஆணையிட்டுப் பொய் சொல்கிறார்கள்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானாகவே தூக்கத்தை நாடும். அதைத் தேநீரால் வெல்லலாம் என்பவர் இயற்கையோடு மல்லுக்கட்டுகிறார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, ஐந்து மணி நேர உழைப்புக்குப்பின் அரைமணியேனும் ஓய்வு என்றும் விதித்தது. சாலையில் அதைக் கடைப்பிடித்தவர் அரியர். உரிமையாளர் நெருக்கினாலும், "ஐயா, வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரும், ஆனால் போய்ச் சேரும்" என்று சொல்லும் துணிவை நடுவயது நமக்குத் தரவேண்டும். 2025 அக்டோபர் முதல் நாளுக்குப்பின் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. விதர்ப்பத்து வைகாசி வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் அமர்ந்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

விபத்து நேர்ந்தால் ஓடிவிடலாகாது. அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும் காவல் நிலையத்தில் அறிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று சட்டம் கூறுகிறது. கூடிய கூட்டம் தாக்க வருமானால், பாதுகாப்பான இடத்திற்குச் சென்று உடனே காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். 2024 ஜனவரியில் வடநாட்டில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நீங்கள் அறிவீர்கள். விபத்தைத் தெரிவிக்காமல் ஓடுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து எழுந்தது அது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் எவ்வாறு இருப்பினும் மனச்சாட்சி என்ற சட்டம் நிறுத்திவைக்கப்படுவதில்லை.

பணம்

இனிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை இழந்தபோது கையில் வரும் வருங்கால வைப்புநிதியைக் கொண்டு உடனே சொந்த லாரி வாங்கும் ஆசை பலருக்கு வருகிறது. தவணையில் வண்டி தர நிறுவனங்கள் வாசலில் நிற்கின்றன. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். டீசலும் டயரும் சுங்கமும் காப்பீடும் லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். போகும் லோடு எளிதில் கிடைக்கும். திரும்பும் லோடுதான் லாபமா நட்டமா என்பதை முடிவு செய்கிறது. வெறும் வண்டியோடு திரும்பினால் போன நடையின் வாடகை சாலையிலேயே கரைந்துவிடும். எந்தப் பேட்டையில் எந்த மாதத்தில் எந்தச் சரக்கு கிடைக்கும் என்ற அறிவு வர இரண்டு மூன்று ஆண்டுகளாகும். அதுவரை சம்பளத்திற்கும் படிக்கும் பிறர் வண்டியை ஓட்டுங்கள். வைப்புநிதி மகளின் படிப்புக்கு இருக்கட்டும்.

மானம் எங்கே இருக்கிறது?

தாய்மார்களே! இனி நான் சொல்லப்போவது உங்களுக்காக.

நான் சக்கரம் பிடித்த முதலாண்டில், வண்டியைக் காலனிக்குள் கொண்டுவரவேண்டாம் என்று என் மனைவி கேட்டுக்கொண்டாள். அவளை நான் குறை கூறமாட்டேன். அக்கம்பக்கத்தார், "சார் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவள் அவள்தான். பின்னர் மகளுக்கு வரன் வந்தது. வந்த பெரியவர், தகப்பனார் என்ன உத்தியோகம் என்று வினவினார். 'போக்குவரத்துத் துறையில்' என்று சொல்லலாமென நாங்கள் பேசிவைத்திருந்தோம். அதற்குள் என் மகள் காப்பித் தட்டை வைத்துவிட்டு, "அப்பா லாரி ஓட்டுகிறார். என்னைப் படிக்க வைத்தது அந்த லாரிதான்" என்றாள். அந்த வரன் அதோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அன்று எவரும் சரியாக உண்ணவில்லை. ஆனால் மறுவாரம் நான் ஊர் திரும்பியபோது, "வண்டியை வாசலிலேயே நிறுத்துங்கள், இனி யாருக்கு மறைக்கவேண்டும்?" என்று என் மனைவியே சொன்னாள். மகளுக்குப் பிறகு வேறிடத்தில் மணம் முடிந்தது. சம்பந்தி வீட்டார் எங்கள் முதல் தீபாவளிக்கு வந்து இறங்கியபோது, அந்த லாரியின் முன்னேதான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆணுக்கே இவ்வளவு தயக்கம் என்றால் பெண்ணுக்கு எத்தனை இருக்கும்? போபால் நகரில் சட்டம் பயின்ற ஒரு பெண்மணி, கணவரை இழந்தபின் இரு குழந்தைகளைக் காக்க லாரியின் சக்கரத்தைப் பற்றி, நாடெங்கும் சரக்கு ஏற்றிச் சென்றதைச் செய்தித்தாள்கள் எழுதின. நீதிமன்றத்தில் நுழையும் தகுதி உடையவர் நெடுஞ்சாலையில் நுழைந்ததை எவரும் இழிவு என்று சொல்லவில்லை.

நம் வீட்டு அடுக்களையைச் சற்று நோக்குங்கள். சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இங்கே விளைந்தவையா? தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் சிவகாசிப் பட்டாசும், அவர்கள் அணியும் திருப்பூர்ப் பனியனும், நோன்பு நாளில் மராட்டிய அன்பர்கள் உண்ணும் சேலத்து ஜவ்வரிசியும் யாருடைய கண்விழிப்பில் வந்தவை? ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் நாக்பூரின் ஊடே செல்கிறது. வடக்கே சிவனிப் பக்கம் பேஞ்சு வனத்தில், புலியும் மானும் கீழே கடக்குமாறு அச்சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தெற்கே அதே சாலை ஐதராபாத், கர்நூல், பெங்களூர், ஓசூர் வழியாகச் சேலத்தையும் நாமக்கல்லையும் தொடுகிறது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அதிகாலையில் தொப்பூர்க் கணவாயில் கீழ் கியரில் இறங்கி, தமிழில் எழுதிய தேநீர்க்கடைப் பலகைகளைக் காணும் மகிழ்ச்சியை, ரயிலில் உறங்கியபடி ஊர் செல்வோர் அறியமாட்டார்கள்.

சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்

முடிக்குமுன் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டு விழாவையொட்டி ஒருநாள், இந்நகரின் லாரிப்பேட்டையில் கண் சோதனையும் சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனையும் நடத்தவேண்டும். நம் சங்கத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பயன்பெறுவோர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சாலையில் எதிரே வருபவன் எந்த மொழியினனாயினும் அவன் கண் தெளிவாக இருப்பது நம் அனைவர்க்கும் நலம்.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தின் பின்னறையை, லோடு இறக்கிவிட்டு மறு லோடுக்குக் காத்திருக்கும் தமிழ் ஓட்டுநர்கள் குளித்து ஓரிரவு உறங்குவதற்குத் திறந்துவிட வேண்டும். நன்றாக உறங்கிய ஓட்டுநரைவிடச் சிறந்த பிரேக் எந்த வண்டியிலும் பொருத்தப்படவில்லை.

மூன்றாவது, வேலையிழந்த உறுப்பினர்க்குப் பயிற்சிக் கட்டணத்தை வட்டியின்றிக் கடனாகத் தரும் ஒரு சிறு நிதி. பெறுபவர் பெயர் செயலாளர்க்கும் பொருளாளர்க்கும் மட்டுமே தெரிந்தால் போதும். லாரி மட்டுமே வழி என்று நான் வாதிக்கவில்லை. கண்ணும் முதுகும் இடந்தராதவர்க்கு வேறு தொழில் பழக அந்நிதி உதவட்டும். காலையில் சட்டையணிந்து, பையை எடுத்துக்கொண்டு, வேலைக்குச் செல்வதுபோல் பூங்காவில் சென்று அமர்ந்து மாலையில் வீடு திரும்பும் நிலை நம் காலனியில் ஒருவர்க்கும் வரக்கூடாது. வந்திருந்தால் அது இன்றோடு ஒழியவேண்டும். அவர் சங்கத்தின் கதவைத் தட்டட்டும். அல்லது என் வீட்டுக் கதவைத் தட்டட்டும். நான் நடையில் இருந்தாலும் என் மனைவி வீட்டில் இருப்பாள். அவள் இப்போது என்னைவிட நன்றாக இத்தொழிலைப் பற்றி எடுத்துச் சொல்லுவாள்.

 விருந்து காத்திருக்கிறது; நாளைக் காலை எனக்கு ராய்ப்பூர் நடையும் காத்திருக்கிறது. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.